கர்ராவின்யா ஏரிகளுக்கு எப்போது போவது?

கேள்வி இது: "பிரிஸ்பேனுக்குக் குடிவந்து ஓராண்டு ஆகிறது. ஊரில் இருந்தவரை ஒவ்வொரு ஜனவரியும் குடும்பத்தோடு வேடந்தாங்கல் போவோம். இங்கே அவுட்பேக் எனும் வறண்ட உட்பகுதியில் ஏதாவது ஈரநிலத்தில் கூட்டங்கூட்டமாகப் பறவை பார்க்க ஆசை. எந்த இடம், எந்த மாதம்? ஜூலையில் அம்மா வருகிறார். அவரையும் அழைத்துப் போகலாமா?"

எந்த மாதம் என்பதை முதலில் ஓரமாக வைத்துவிடுவோம். வேடந்தாங்கல் பழக்கத்தில் கேட்கிறீர்கள். நானும் அப்படிக் கேட்டவன்தான். வடகிழக்குப் பருவமழை பெய்யும், ஏரி நிரம்பும், நவம்பரில் பறவைகள் வந்து கூடு கட்டும், மார்ச் வாக்கில் குஞ்சுகளோடு கிளம்பும். மழை பொய்த்த ஆண்டுகளைத் தவிர மற்றபடி காலண்டரை நம்பிப் பஸ் ஏறலாம். ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் அந்தக் காலண்டர் செல்லாது. அங்கே ஏரி சில ஆண்டுகள் சும்மா கிடக்கும், திடீரென்று ஒரு வெள்ளம் வந்து நிரம்பும், அப்புறம் மாதக்கணக்கில் திருவிழா நடக்கும், மறுபடி காய்ந்துவிடும். பறவைகளும் அதற்கேற்றபடி நாடோடிகளாகத்தான் வாழ்கின்றன.

எனக்குத் தெரிந்த இடத்தை வைத்தே சொல்கிறேன். குயின்ஸ்லாந்தின் தென்மேற்குப் பகுதியில், நியூ சவுத் வேல்ஸ் எல்லையை ஒட்டி இருக்கிறது கர்ராவின்யா தேசியப் பூங்கா. புட்ஜிட்டி என்ற பூர்வகுடி மக்களின் மண் அது. பிரிஸ்பேனிலிருந்து கன்னமுல்லா ஊருக்கே ஏறக்குறைய 800 கிலோமீட்டர். அங்கிருந்து யூலோ என்ற குட்டி ஊர், அப்புறம் தெற்கே மண்சாலை. பூங்காவுக்குள் பெரிய ஏரிகள் இரண்டு: நுமல்லா, வயாரா. 1996-இல் இவை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. இரண்டுக்கும் நடுவே மணல்மேடுதான், சில கிலோமீட்டர் தூரம் அவ்வளவே. ஆனால் நுமல்லா நன்னீர், வயாரா உப்புநீர். கர்ராவின்யாவின் சுவாரசியமே இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதுதான்.

நான் முதல்முறை போனது வறட்சி ஆண்டு ஒன்றின் ஜூலையில். குளிர்காலம், சாலை காய்ந்திருக்கும், ஈ குறைவு, எல்லாம் சரியாகத்தான் கணக்குப் போட்டேன். வயாரா கரையில் ஏறி நின்றால் எதிரே அடுப்பில் வற்றவிட்ட பாத்திரம் மாதிரி வெள்ளை உப்புப் படுகை. அதன் நடுவே இரண்டு ஈமூக்கள் நடந்து போய்க்கொண்டிருந்தன. அன்று பார்த்த நீர்ப்பறவைகளை ஒரு கைவிரல்களில் எண்ணிவிடலாம்.

அடுத்த முறை, ஏரிகளுக்கு அருகில் ஓடும் பாரூ ஆற்றில் வெள்ளம் என்று செய்தி வந்ததும் பதறியடித்துக்கொண்டு ஓடினேன். சாலை மூடிக்கிடந்தது. கன்னமுல்லாவில் நான்கு நாள் உட்கார்ந்துவிட்டு, திறந்த பிறகு உள்ளே போனால் எங்கு பார்த்தாலும் தண்ணீர். பறவை மட்டும் அங்கொன்றும் இங்கொன்றும். அன்றைக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது. வெள்ளம் வந்த புதிதில் நாடே குளமாகிவிடும். பள்ளம், பாத்தி, புதர்க்காடு என்று எங்கும் தண்ணீர் நிற்கும்போது பறவை ஏன் ஒரே ஏரியில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க வேண்டும்? சிதறிப் போய் மறைவிடங்களில் கூடு கட்டும். சில மாதங்கள் கழித்து சின்னச் சின்ன நீர்நிலைகள் வற்றத் தொடங்கும். அப்போதுதான் பறந்து திரியத் தெரிந்த குஞ்சுகள் உட்பட எல்லாம் பெரிய ஏரிகளில் வந்து குவியும். எனவே மழைச் செய்தி வந்ததும் ஓடாதீர்கள். ஏரி நிரம்பி, சுற்றுவட்டாரம் காயத் தொடங்கும் வேளைக்குக் காத்திருங்கள். மூன்றாவது பயணத்தில் நான் அப்படிக் காத்திருந்து போனேன். அந்தக் காலை வயாராவில் தண்ணீரைவிடப் பறவை அதிகமோ என்று தோன்றியது.

இதை வீட்டிலிருந்தே கணிக்கலாம். சென்டினல் செயற்கைக்கோள் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன, சில நாட்களுக்கு ஒருமுறை புதுப் படம் வரும். இரண்டு ஏரிகளும் அதில் தெளிவாகத் தெரியும். வெள்ளையாக இருந்தால் உப்பு, கருநீலமாக இருந்தால் தண்ணீர், பால் கலந்த டீ நிறமென்றால் அது நுமல்லா. வானிலைத் துறையின் தளத்தில் யூலோவில் பாரூ ஆற்றின் நீர்மட்டத்தைப் பார்க்கலாம். பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் இபேர்ட் தளத்தில் யாராவது அண்மையில் போய்வந்து பட்டியல் போட்டிருக்கிறார்களா என்று தேடுங்கள். கடைசியாகப் பூங்காத் துறையின் அறிவிப்புப் பக்கம், சாலை திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. இந்த நாலும் ஒத்துவந்தால் லீவு சொல்லிவிடலாம்.

சரி, இரண்டு ஏரிகளில் எதற்கு முதலில் போவது? பெரும்பாலானோர் நன்னீர் ஏரியைத்தான் சொல்வார்கள். உப்பில் என்ன இருக்கப்போகிறது என்ற நினைப்பு. உண்மை நேர்மாறானது. நீர்ப்பறவை ஆய்வாளர் ரிச்சர்ட் கிங்ஸ்ஃபோர்டும் சக ஆய்வாளரும் இரண்டு ஏரிகளிலும் பறவைகளை எண்ணி ஒப்பிட்டு 1994-இல் வெளியிட்டார்கள். உப்பு ஏரியான வயாராவில்தான் பறவைகள் மிக அதிகம்.

காரணம் நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். பாரூ கொண்டுவரும் தண்ணீர் களிமண் கலந்தது. அந்தக் களிமண் துகள்கள் அவ்வளவு நுண்ணியவை, தாமாக அடியில் படியாது. அதனால் நுமல்லா எப்போதும் கலங்கியே இருக்கும். ஊரில் கலங்கிய குடிநீரைத் தெளியவைக்கத் தேத்தாங்கொட்டையை உரைத்துவிடுவார்களே, வயாராவில் அந்த வேலையை உப்பு செய்கிறது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கனமாகி அடியில் இறங்கிவிடும். நீர் கண்ணாடி போலத் தெளியும். வெயில் அடிவரை போகும், நீர்த்தாவரங்கள் தழைக்கும், அவற்றில் பூச்சி புழுக்கள் பெருகும். கலங்கிய நுமல்லாவில் இது நடக்காது, போதாக்குறைக்கு இருக்கும் சிற்றுயிர்களைத் தின்ன மீன்களும் உண்டு. வாத்துக்கும் அன்னத்துக்கும் வயாரா விருந்துக்கூடம். மீன் தின்னும் நீர்க்காகம், கொண்டை முக்குளிப்பான் போன்றவற்றைப் பார்க்க நுமல்லா. அது ஆழம் கூடுதல், வயாரா காய்ந்த பிறகும் சில காலம் தாக்குப்பிடிக்கும்.

வயாராவிலேயே பருவங்கள் உண்டு. புதிதாக நிரம்பியபோது உப்பு குறைவு, அப்போது கருப்பு அன்னங்களும் வாத்துகளும். நீர் சுண்டச் சுண்ட உப்பு ஏறும். வற்றுகிற கட்டத்தில் உப்புநீர் இறால்கள் பெருகும், சிவந்த கழுத்துடைய கோணல்மூக்கு உள்ளான்கள் அலகைப் பக்கவாட்டில் வீசி வீசி மேயும். முற்றிலும் வற்றினால் என் முதல் பயணம்தான். அந்தக் காய்ந்த படுகையையும் செத்தது என்று சொல்லிவிட முடியாது. இறால் இனங்களின் முட்டைகள் அந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும், தண்ணீர் பட்டதும் பொரியும்.

பறவைகளுக்கு எங்கே தண்ணீர் வந்தது என்று எப்படித் தெரிகிறது? விஞ்ஞானிகளுக்கே இன்னும் முழு விடை கிடைக்கவில்லை. பட்டைநெஞ்சு உள்ளான் என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு பறவை உண்டு, இங்கே பேண்டட் ஸ்டில்ட் என்பார்கள். நம் பவளக்கால் உள்ளானின் உறவு. தெற்கு ஆஸ்திரேலியா, மேற்கு ஆஸ்திரேலியா மாநிலங்களின் உப்பு ஏரிகள் நிரம்பும்போது மட்டும் கூட்டமாக இனப்பெருக்கம் செய்வது. ஆஸ்திரேலியாவில் ஐரோப்பியர்கள் குடியேறி நூறாண்டுக்கு மேலாகியும் அதன் கூட்டை யாரும் கண்டதில்லை. 1930-இல்தான் முதன்முதலாகக் கண்டுபிடித்தார்கள். ரீஸ் பெட்லர் என்ற ஆய்வாளரின் குழுவினர் இவற்றின் மேல் செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒரு பறவை இரண்டரை நாளில் சுமார் 2,200 கிலோமீட்டர் பறந்திருக்கிறது. கடற்கரையில் சும்மா நின்றுகொண்டிருந்தது, எங்கோ பாலைவனத்தில் மழை பெய்ததும் கிளம்பிவிட்டது. ஒலியா, வாசனையா, காற்றழுத்தமா, ஆளுக்கொரு ஊகம் சொல்கிறார்கள்.

இனி கர்ராவின்யாவில் நீங்கள் தேட வேண்டியவை. என் பட்டியலில் முதலிடம் பிங்க்-இயர்ட் டக் என்ற வாத்துக்கு. உடம்பில் வரிக்குதிரைக் கோடுகள், நுனி அகன்று மடல் தொங்கும் விசித்திரமான அலகு, கண்ணுக்குப் பின்னால் ஒரு சின்ன ரோஜாநிறப் பொட்டு. அந்தப் பொட்டைப் பார்க்க நல்ல வெளிச்சமும் பொறுமையும் வேண்டும். அலகின் ஓரத்தில் சல்லடை மாதிரி நுண்ணிய பற்கள். இரண்டு வாத்துகள் ஒன்றின் வாலருகே மற்றதன் தலை வரும்படி நின்று, அலகை நீரில் வைத்தபடி வட்டமடிக்கும். நீர் சுழலும், நுண்ணுயிர்கள் நடுவில் திரளும், அவை சல்லடையில் சிக்கும். தயிர் கடைவது போல இருக்கும் அந்தக் காட்சி. இதை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மற்ற பறவைகளைத் தவறவிட்டிருக்கிறேன், வருத்தமில்லை.

அடுத்தது ஃப்ரெக்கிள்டு டக். ஆஸ்திரேலியாவின் அரிய வாத்துகளில் ஒன்று. அதன் பேரினத்தில் வேறு வாத்தே கிடையாது. தூரத்தில் பார்த்தால் ஒரு கருஞ்சாம்பல் வாத்து, அவ்வளவுதான், யாரும் கடந்து போய்விடுவார்கள். பின்னந்தலை கூம்பியிருப்பதை வைத்து அடையாளம் காணலாம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் அலகின் அடிப்பகுதி சிவந்துவிடும். லிக்னம் என்ற புதர்க்காடுகளில்தான் கூடு கட்டும். காய்ந்த காலத்தில் லிக்னத்தைப் பார்த்தால் யாரோ கம்பிச் சுருளை எறிந்துவிட்டுப் போனது போல இலையே இல்லாமல் கிடக்கும். வெள்ளம் பட்டால் துளிர்த்துவிடும். அரிவாள் மூக்கன்கள் அதை மிதித்து மிதித்து மேடையாக்கி அதன்மேல் முட்டையிடும்.

வயாராவின் தீவுகளில் கூழைக்கடாக்கள் கூடு கட்டியிருந்தால் தயவுசெய்து கிட்டே போகாதீர்கள், டிரோன் விடாதீர்கள். கலவரப்பட்டால் கூட்டமாகவே கூட்டை விட்டு எழுந்துவிடும். அந்த இடைவெளியில் கடற்காகங்கள் முட்டையையும் குஞ்சையும் காலி செய்துவிடும். கரையிலிருந்து ஸ்பாட்டிங் ஸ்கோப்பில் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) பார்த்தாலே போதும். உலகிலேயே மிக நீளமான அலகு இந்த ஆஸ்திரேலியக் கூழைக்கடாவுக்குத்தான், எவ்வளவு தூரத்திலும் தெரியும்.

கரையோரப் புல்லில் கருப்பு வாலைக் கோழி போலத் தூக்கிக்கொண்டு ஓடுவது நேட்டிவ்-ஹென் என்ற பறவை. சில ஆண்டுகளில் ஒன்றுகூடக் கண்ணில் படாது, நல்ல ஆண்டில் நூற்றுக்கணக்கில் ஓடும். புரோல்கா என்ற பெருங்கொக்கு ஜோடியாக நிற்கும், வட இந்தியாவின் சாரஸ் கொக்குக்குச் சொந்தம். ஆகஸ்டு முதல் சைபீரியாவிலிருந்து கூர்வால் உள்ளான்கள் வந்து சேறு நிறைந்த ஓரங்களில் மேயும். குளிர்காலத்தில் போனால் இவற்றை எதிர்பார்க்க வேண்டாம்.

உங்களுக்கு ஆச்சரியம் தரப்போவது வேறு. நம் நாமக்கோழி இங்கேயும் இருக்கிறது. உறவுக்காரப் பறவை அல்ல, அதே இனம். அதே கருப்பு உடல், நெற்றியில் அதே வெள்ளை நாமம். மீசை ஆலாவும் அப்படித்தான். சங்கப் பாடல்களின் அன்றில் என்று பலர் சொல்லும் சிறிய கரிய அரிவாள் மூக்கனும் அப்படித்தான். கன்னமுல்லா பெட்ரோல் பங்குக்கு மேலே வட்டமிடும் பருந்துகூடச் சென்னை மீன் மார்க்கெட்டுக்கு மேலே வட்டமிடும் அதே பருந்து.

ஏரியை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். பாரூவின் நீர்க்குட்டைகளின் ஓரத்தில் முகாமிட அனுமதி உண்டு. விடியற்காலையில் பட்ஜிகர் கிளிகள் பச்சை மேகம் போலச் சுழன்று இறங்கும். ஊரில் கூண்டில் நீலம், மஞ்சள், வெள்ளை என்று விற்பார்களே லவ் பேர்ட்ஸ், அவற்றின் அசல் ஊர் இந்த உட்பகுதிதான். காட்டில் பச்சை மட்டுமே. எல்லாப் பறவையும் அடங்கி, இனி ஒன்றும் வராது என்று நாற்காலியை மடக்கும் நேரத்தில், பொழுது சாய்ந்த அரையிருட்டில் போர்க்ஸ் பேரட் என்ற மங்கிய ரோஜாநிறக் கிளிகள் சத்தமில்லாமல் தண்ணீர் குடிக்க வரும். அதற்காகவாவது ஒரு மாலை நாற்காலியைவிட்டு எழாமல் இருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது இல்லாவிட்டால் மேலே சொன்ன எதுவும் இல்லை. தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் பெரிய ஆற்றுப்படுகையான மரே-டார்லிங்கின் மற்ற ஆறுகள் பெரும்பாலும் அணை கட்டி, பருத்திக்கும் மற்ற பாசனத்துக்கும் திருப்பிவிடப்பட்டவை. பாரூ அப்படியல்ல, அந்தப் படுகையில் தடையின்றி ஓடும் கடைசிப் பெரிய ஆறு அது. அப்படியே இருக்கட்டும் என்று குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் 2003-இல் ஒப்பந்தம் போட்டன. நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தினர் 1983 முதல் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் சின்ன விமானத்தில் தாழப் பறந்து, கிழக்கு ஆஸ்திரேலியாவின் குறுக்கே 30 கிலோமீட்டர் அகலமுள்ள பத்துப் பட்டைகளில் நீர்ப்பறவைகளை எண்ணுகிறார்கள். நல்ல மழை ஆண்டுகளில் எண்ணிக்கை எகிறும், ஆனால் நீண்டகாலப் போக்கு இறங்குமுகம்தான். அணையும் நீர் திருப்பலும் முக்கியக் காரணம் என்று அவர்களே சொல்கிறார்கள். காவிரிக் கடைமடைக்காரர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

போகிற வழி பற்றிச் சுருக்கமாக. கொஞ்சம் மழை பெய்தாலும் மண்சாலை பசை மாதிரி ஆகிவிடும், மூடியிருந்தால் மூடியதுதான், மீறி ஓட்டினால் அபராதம். உயரமான நாலு சக்கர இயக்க வண்டி வேண்டும். கைபேசி சிக்னலை நம்ப வேண்டாம், சாட்டிலைட் போனோ அவசர உதவி பீக்கனோ வாடகைக்கு எடுங்கள். தண்ணீரும் சாப்பாடும் போகும் நாட்களைவிட நான்கு நாளுக்குக் கூடுதலாக, சாலை மூடினால் அங்கேயே உட்கார வேண்டியிருக்கும். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டாதீர்கள், கங்காருக்கள் வந்து விழும். ஜூலை இரவு உறையவைக்கும், கம்பளி வேண்டும். கோடையில் போகவே வேண்டாம், நாற்பது டிகிரிக்கு மேல் போய்விடும், ஈத்தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

பைனாகுலர் 8x42 போதும். ஆனால் ஏரி பெரியது, ஸ்கோப் இல்லாவிட்டால் பாதிப் பறவை வெறும் புள்ளிதான். காலையில் ஒன்பது, பத்து மணிக்குள் வேலையை முடித்துவிடுங்கள். அப்புறம் கானல் எழும்பி எல்லா வாத்தும் கரைந்துபோய்விடும். வயாராவின் காய்ந்த ஓரம் கெட்டியாகத் தெரியும், இறங்கினால் முழங்கால்வரை இழுக்கும். எனக்கு ஒரு செருப்பு அங்கே இருக்கிறது.

இனி அம்மா. உண்மையைச் சொன்னால், கர்ராவின்யாவுக்கு முதல் பயணத்திலேயே அவரை அழைத்துப் போகாதீர்கள். குலுங்கும் சாலை, கூடார வாழ்க்கை, பக்கத்தில் மருத்துவமனை கிடையாது. அதற்குப் பதில் பிண்டகோலி ஏரி. கன்னமுல்லாவிலிருந்து தார்கோமிண்டா போகும் தார்ச்சாலையில், தார்கோமிண்டாவுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் முன்னால், சாலையோரத்திலேயே இருக்கிறது. அங்கேயும் உப்பு ஏரியும் நன்னீர் ஏரியும் அடுத்தடுத்துச் சங்கிலியாக உண்டு. சாதாரணக் காரே போதும், இரவு ஊரில் கட்டிலில் தூங்கலாம். கன்னமுல்லாவுக்குப் பக்கத்தில் பவ்ரா என்ற பழைய கால்நடைப் பண்ணை இருக்கிறது, இப்போது ஆஸ்திரேலிய வனவுயிர்ப் பாதுகாப்பு அமைப்பின் சரணாலயம். இருநூறுக்கு மேற்பட்ட பறவை இனங்கள் பதிவான இடம். திறந்திருக்கும் காலத்தை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிண்டகோலிக்கும் அதே விதிதான், கிளம்புவதற்கு முந்தின வாரம் செயற்கைக்கோள் படத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இருந்தால் ஒரு மடக்கு நாற்காலியும் பிளாஸ்கில் காப்பியும் எடுத்துக்கொண்டு, வெயில் முதுகுப்பக்கம் விழுகிற மாதிரி அம்மாவைக் கரையில் உட்கார வையுங்கள். பறவைகளின் பெயரை நீங்கள் ஒவ்வொன்றாக ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருக்கும்போது நாமக்கோழிக் கூட்டம் ஒன்று நீந்தி வரும். அதற்கு மட்டும் நீங்கள் வாயைத் திறக்க வேண்டாம், அம்மாவே சொல்லிவிடுவார்.